தாமே விதித்துக்கொண்ட வரி



சில ஆண்டுகளுக்கு முன்னர், கலிபோர்னியாவில் ஓக்லந்து நகரில் குடியிருக்கும் என் மகள் வீட்டில் மூன்று மாத காலம் தங்கியிருந்தேன். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் அவள் பெயருக்கு வீட்டுவரிச் சீட்டு வந்தது. கல்லூரியில் நெடுங்காலம் பொருளாதாரம் கற்பித்தவனுக்குப் பிறர் வீட்டு வரிச்சீட்டைக் கண்டாலும் கை சும்மா இராது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படிக்கத் தொடங்கினேன். வீட்டின் மதிப்புக்கு ஏற்ற பொதுவரி ஒன்று முதலில் இருந்தது. அதன் கீழே சிறிய சிறிய தொகைகளாக வேறு பல இருந்தன. பேருந்துக்கு ஒன்று, மலையோரப் பூங்காக்களுக்கு ஒன்று, மழைக்காலத்தில் சாக்கடைக் குழாயில் புகும் நீரைச் சமாளிப்பதற்கு ஒன்று, கொசு ஒழிப்பதற்கும் ஒன்று!

"கொசுவுக்குக்கூடவா அம்மா தனி வரி?" என்று கேட்டேன். "அது நகரசபைக்குப் போவதில்லை அப்பா. கொசுவுக்கென்றே தனிச் சபை இருக்கிறது" என்றாள் அவள், சிரிப்பில்லாமல்.

அவள் சொன்னது வேடிக்கை அன்று. அந்நாட்டில் மத்திய அரசாங்கம், மாநில அரசாங்கம், நகரசபை ஆகியவற்றோடு, பெரும்பாலும் ஒரே ஒரு வேலைக்கென அமைந்த சிற்றரசாங்கங்கள் 38,000-க்கு மேல் இருக்கின்றன. அவற்றை அவர்கள் 'டிஸ்ட்ரிக்ட்' என்பார்கள். நம் ஜில்லாவோடு அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது என்பதற்காக, இப்பேச்சில் நான் 'வட்டாரம்' என்றே சொல்லுகிறேன். தண்ணீருக்கு ஒரு வட்டாரம், மின்சாரத்துக்கு ஒரு வட்டாரம், தீயணைப்புக்கு ஒரு வட்டாரம் என்று அவை பலவகைப்படும். இவற்றுள் பலவற்றுக்கு இரண்டு பெரிய அதிகாரங்கள் உண்டு. ஒன்று, வரி விதித்தல். மற்றொன்று, கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டல். இவ்விரண்டும் எப்படி வந்தன, இவற்றை மக்கள் எவ்வளவு தயக்கத்தோடு கையிலெடுத்தனர் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் கடன் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் ஊருக்கு அணை வேண்டும். அணை கட்ட இன்றே பெரும்பணம் வேண்டும். அணையின் பயனோ ஐம்பது, நூறு ஆண்டுகள் தொடர்வது. இன்றிருப்பவர்களிடமே முழுப்பணத்தையும் பிடுங்கினால் அவர்கள் தாங்கமாட்டார்கள். நாளை பிறப்பவர்கள் காசில்லாமல் குடிப்பார்கள். ஆகவே ஊரார் கடன் வாங்கி, பயன்பெறும் தலைமுறைகளெல்லாம் சிறுகச் சிறுகத் தீர்க்கும்படி ஏற்பாடு செய்கின்றனர். அக்கடனுக்கான எழுத்துத்தான் கடன் பத்திரம். பணமுள்ளவன் அதனை வாங்குகிறான். ஆண்டுதோறும் வட்டி பெறுகிறான். தவணை முடிந்ததும் முதலைப் பெறுகிறான்.

ஆனால் கடன் கொடுப்பவன் ஒரு கேள்வி கேட்பானல்லவா? "நாளைக்குத் தண்ணீர் விற்காவிட்டால் என் பணத்துக்கு யார் பொறுப்பு?" அதற்கு ஊரார் சொல்லும் விடைதான் வரி விதிக்கும் அதிகாரம். "எங்கள் எல்லைக்குள் உள்ள நிலமும் வீடும் பொறுப்பு. கட்டணம் போதாமற் போனால் வரி போட்டாவது தருவோம்" என்கின்றனர். மனிதன் ஊரைவிட்டு ஓடிப்போகலாம்; நிலம் ஓடிப்போகாது. வரி விதிக்கும் அதிகாரம் இருந்தால் கடன் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும்; அது இல்லாத பத்திரத்தை வாங்குவோர் அதிக வட்டி கேட்பார்கள். உறையிலிருக்கும் வாளைப் போன்றது அது. உருவாமலே காரியம் ஆகிவிடுவதும் உண்டு.

இதை ஒருமுறை வகுப்பில் சொன்னபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, எனக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். வேண்டாம் என்றே வாக்களித்தேன். அப்போதும் என் நிலத்துக்கு வரி உண்டா?" என்று கேட்டான். அன்று மணி அடித்துவிட்டது, நான் தப்பினேன். இந்தக் கேள்வியை அவனுக்கு முன்பே ஒரு நாடு முழுதும் கேட்டிருக்கிறது.

கலிபோர்னியாவின் நடுச்சமவெளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெருநிலக்காரர்கள் மழையை நம்பிக் கோதுமை விளைத்து வந்தனர். சிறுகுடியானவர்களும் கடைக்காரர்களும் வாய்க்கால் வேண்டுமென்றனர். பெருநிலக்காரர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. மொடஸ்டோ ஊரைச் சேர்ந்த வழக்கறிஞர் ரைட் என்பவர் சட்டசபை உறுப்பினராகி, 1887-ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தார். ஒரு பகுதியின் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால், அப்பகுதி ஒரு பாசன வட்டாரமாகும். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர்கள் இருப்பார்கள். வாக்கெடுப்பு நடத்திக் கடன் பத்திரம் விற்கலாம். வட்டாரத்திலுள்ள நிலங்களின் மேல் மதிப்புக்கு ஏற்ப வரி போடலாம். இதில் கூர்மையான இடம் எது தெரியுமா? நிலமுள்ளவன், இல்லாதவன் என்ற வேறுபாடில்லாமல், வாக்குரிமை பெற்றவர்கள் அனைவரும் வாக்களிக்கலாம் என்பதே. கையகல நிலமும் இல்லாத தச்சனும், ஆயிரம் ஏக்கர் வைத்திருந்தவனும் ஒரே பெட்டியில் சீட்டுப் போட்டனர். நிலத்தின்மேல் வரி, நிலமில்லாதவனும் சேர்ந்து விதித்ததாயிற்று.

பெருநிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வரி கட்ட மறுத்தனர், வழக்குத் தொடுத்தனர். தென்கோடியிலிருந்த பால்புரூக் என்னும் வட்டாரத்தில் பிராட்லி என்ற அம்மையாரின் நிலத்துக்கு விதித்த வரி ஏறத்தாழ 51 டாலர். அதைக் கட்டாததால் நிலம் ஏலத்துக்கு வந்தது. 'பிறர் வயலுக்கு நீர் பாய்வதற்காக என் சொத்தைப் பறிப்பது முறையா?' என்பதே வழக்கின் சாரம். கீழ்க்கோர்ட்டு, சட்டமே செல்லாது என்றது. அந்த ஒரு தீர்ப்பால் மாநிலமெங்கும் இருந்த பாசன வட்டாரங்களின் பத்திரங்கள் ஆட்டங்கண்டன. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. வட்டாரத்துக்காக வாதாடியவர்களுள் ஒருவர், அந்நாட்டின் முன்னாள் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிஸன். 51 டாலர் வழக்குக்கு ஒரு ஜனாதிபதி! 1896-ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. வறண்ட நிலத்துக்கு நீர் கொணர்வது பொதுக்காரியமே. பயன்பெறக்கூடிய நிலத்தின்மேல் அதற்காக வரி விதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமன்று என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

ஆகவே என் மாணவனுக்குச் சட்டம் தரும் விடை 'உண்டு' என்பது. 'ஆம், கட்டத்தான் வேண்டும்.' ஆனால் சட்டம் வென்ற கையோடு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாக எண்ணாதீர்கள். ரைட்டின் சட்டப்படி ஏறத்தாழ ஐம்பது வட்டாரங்கள் தோன்றின. அவற்றுள் நிலைத்தவை சிலவே. நீரே இல்லாத இடத்தில் நிலவிலையை ஏற்றுவதற்காக வட்டாரம் அமைத்தவர்கள் இருந்தனர். விற்க முடியாத பத்திரங்களை ஒப்பந்தக்காரர் கையில் கூலியாகத் திணித்தவர்களும் இருந்தனர். 1897-இல் சட்டத்தைத் திருத்தி இறுக்க வேண்டியதாயிற்று. வாக்குரிமை இருந்தால் மட்டும் ஊருக்கு வரவு செலவு தெரிந்துவிடாது என்பதற்கு இவ்வட்டாரங்களின் கதை போதும். ஆனால் டர்லாக், மொடஸ்டோ என்ற இரு வட்டாரங்கள் சேர்ந்து டுவாலமி ஆற்றின் குறுக்கே 1893-இல் கட்டிமுடித்த அணை நின்றது. தண்ணீர் வயலுக்கு வந்து சேர டர்லாக்குக்கு 1900 வரையும், மொடஸ்டோவுக்கு அதற்கு மேலும் சில ஆண்டுகள் வரையும் ஆயின. அந்த இரண்டு வட்டாரங்களும் 1923-இல் மேலும் பெரிய அணை ஒன்றைக் கட்டி, தங்கள் மக்களுக்கு மின்சாரமும் விற்கத் தொடங்கின. இன்றும் விற்றுக்கொண்டிருக்கின்றன.

வயலுக்கு உதவிய இந்த ஏற்பாட்டை நகரங்களும் கைக்கொண்ட கதைதான் என் மகள் வீட்டுக் குழாயின் கதை.

ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையில் ஓக்லந்து, பெர்க்கிலி, அலமீடா முதலிய நகரங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. கண்ணெதிரே பரந்த நீர். ஒரு வாய் குடிக்க உதவாது. 1906-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவைப் பூகம்பமும் தீயும் அழித்தபோது பல்லாயிரவர் கீழ்க்கரைக்கு வந்து குடியேறினர். தண்ணீர் வழங்கியது ஒரு தனியார் கம்பெனி. அருகிலிருந்த ஓடைகளையும் கிணறுகளையும் நம்பித்தான் அது நடந்தது. அதைக் கொடியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொலைவிலிருந்து பேராறு ஒன்றைக் கொணரும் வலிமை அதற்கு இருக்கவில்லை. தனி நகரம் எதற்கும் அவ்வலிமை இல்லை. ஜில்லா நிருவாகத்திடம் விடலாமென்றால், ஜில்லாவின் எல்லை வேறு, தாகத்தின் எல்லை வேறு. நகரங்கள் ஒன்றாக இணையலாமென்றால், ஓக்லந்து தங்களை விழுங்கிவிடும் என்று மற்றவை அஞ்சின. நகரங்கள் நகரங்களாகவே இருக்க, தாகத்துக்கு மட்டும் ஒரு புதிய எல்லை வரைவதே எஞ்சிய வழி.

1921-இல் மாநிலச் சட்டசபை அதற்கு வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. 1923-ஆம் ஆண்டு மே மாதத்தில் மக்கள் வாக்களித்து, கீழ்விரிகுடா நகரங்களுக்கான தண்ணீர் வட்டாரத்தை நிறுவினர். அதன் இயக்குநர் சபைக்குத் தலைவரானவர் ஜார்ஜ் பார்டீ. அவர் கண் மருத்துவர்; ஓக்லந்தின் நகரத் தலைவராக இருந்தவர்; பூகம்பம் நேர்ந்தபோது மாநிலத்தின் கவர்னராக இருந்தவர். கவர்னர் பதவி வகித்தவர் குழாய்த் தண்ணீர்ச் சபைக்குத் தலைவராவதைக் குறைவாக எண்ணவில்லை என்பது என் மனத்தைத் தொட்டது.

வட்டாரம் பிறந்ததே தவிர, அதன் கையில் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை, பணமும் இல்லை. அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், மலைக்கு அப்பாலிருந்து வறண்ட காற்று வீசியது. புல்லில் பற்றிய தீ மலைமுகட்டைத் தாண்டிப் பெர்க்கிலி நகருக்குள் இறங்கியது. சில மணி நேரத்தில் ஏறத்தாழ 600 கட்டடங்கள் சாம்பலாயின. தீயணைப்போர் குழாயைத் திறந்தனர். பல இடங்களில் நீர் வேகமின்றிக் கசிந்தது, பிறகு அதுவும் நின்றது. மாலையில் கடற்காற்று திரும்பியதனால்தான் நகரத்தின் எஞ்சிய பகுதி பிழைத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், 3 கோடியே 90 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் விற்க அனுமதி தருவீர்களா என்று வட்டாரம் மக்களைக் கேட்டது. தருவோம் என்றனர். தங்கள் வீட்டையும் மனையையும் ஈடாக வைத்து, தாங்கள் அதுவரை கண்டிராத ஆற்றுக்கு அவர்கள் கையொப்பமிட்டனர்.

அந்த ஆற்றின் பெயர் மொகாலமி. ஸியெரா நெவாடா மலைத்தொடரின் பனி உருகி வருவது. மத்திய அரசாங்கத்தின் பாசனத் துறைக்குத் தலைவராயிருந்த ஆர்தர் பவல் டேவிஸ் தலைமைப் பொறியாளராக வந்தார். முந்நூறு அடிக்கு மேல் உயரமுள்ள அணை எழுந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 90 மைல் நீளத்துக்கு எஃகுக் குழாய் கிடத்தப்பட்டது. இதற்கிடையே, 1928-இல், பழைய தண்ணீர்க் கம்பெனியையும் வட்டாரம் விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. மலைத்தண்ணீர் 1929 ஜூன் மாதத்தில் கீழ்க்கரையை எட்டியது. அப்போது உள்ளூர் நீர்த்தேக்கங்களில் எஞ்சியிருந்த நீர் சில வாரங்களுக்கே போதுமானது. அணைக்குப் பார்டீயின் பெயரை இட்டனர். முதற் குழாய்க்குப் பக்கத்தில் 1949-இல் இரண்டாவதும், 1963-இல் மூன்றாவதும் சேர்ந்தன. இன்று அவ்வட்டாரம் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குத் தண்ணீர் தருகிறது. அதன் வருவாயில் பெரும்பகுதி தண்ணீர்க் கட்டணமே; நிலவரியாக வருவது சிறு பங்குதான். வாள் பெரும்பாலும் உறையிலேயே இருக்கிறது.

இங்கே நிறுத்தினால் இது வெற்றிக் கதையாகிவிடும். ஆனால் எனக்கு உறுத்துகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். வாக்களித்தவர்கள் யார்? தண்ணீர் வேண்டியவர்கள். ஆற்றின் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை. எல்லைக்கு வெளியே இருந்தார்கள். அணைக்குக் கீழே லோடை என்றொரு நகரம். ஆற்றின் ஊற்றால் நிரம்பும் நிலத்தடி நீரை நம்பிக் கிணறு வெட்டியிருந்தது. அணை வந்தபின் கிணறுகள் தாழும் என்று அந்நகரம் வழக்குத் தொடுத்தது. 1936-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்நகரத்துக்கு நீரில் உரிமை உண்டென்று ஏற்றது. அதே சமயம், நீர் வீணாகாத வகையில் இருசாராருக்கும் பொருந்தும் ஏற்பாட்டைக் காண வேண்டுமென்றும் சொன்னது. எல்லைக்குள் இருந்தவர்கள் வாக்குச் சீட்டால் பெற்றதை, எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் வழக்கால் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வட்டாரம் என்று கோடு கிழிக்கும்போதெல்லாம் கோட்டுக்கு அப்பால் ஒருவன் நிற்கிறான். கோடு கிழிப்பவர்கள் அவனை மறந்துவிடுகிறார்கள்.

மற்றொரு பிழையும் உண்டு. கலிபோர்னியாவுக்கு வடக்கே வாஷிங்டன் மாநிலத்தில் 1930-ஆம் ஆண்டு மக்களே முன்மொழிந்து வாக்களித்த சட்டத்தின்படி மின்சார வட்டாரங்கள் பல தோன்றி, நன்றாகவே நடந்தன. பிற்காலத்தில் அவை ஒன்றுகூடி ஒரு பொது நிறுவனத்தை ஏற்படுத்திக்கொண்டன. அந்நிறுவனம் அணுமின் நிலையங்கள் கட்டப் பெருங்கடன் வாங்கியது. ஆனால் பெர்க்கிலிக்காரர் 1924-இல் செய்ததுபோல வாக்குப் பெட்டிக்குச் சென்று அனுமதி கேட்கவில்லை. மின்கட்டணத்தால் தீர்ப்போம் என்ற வாக்குறுதியே கடனுக்கு ஆதாரம். செலவு மதிப்பீட்டை மீறி மீறிப் பெருகிற்று. இரண்டு நிலையங்களைப் பாதியில் கைவிட்டனர். 1983-இல், அந்தக் கடனை ஏற்க வட்டாரங்களுக்கு அதிகாரமே இருந்ததில்லை என்று மாநில நீதிமன்றம் சொல்லிவிட்டது. 225 கோடி டாலர் பத்திரங்கள் தீராக்கடனாயின. பத்திரங்களை நம்பிச் சேமிப்பை இட்ட எளியவர்களும் அதில் மூழ்கினர். கேட்டுக் கொடுத்திருந்தால் மக்கள் மறுத்திருக்கக்கூடும். மறுத்திருந்தால் நன்மையாக இருந்திருக்கும்.

ஓக்லந்துக்குத் திரும்புகிறேன். 1991-ஆம் ஆண்டு அக்டோபரில் அதே மலைகளில் மறுபடியும் தீ மூண்டது. இம்முறை 25 பேர் மாண்டனர். மலைமேல் இருந்த தொட்டிகளுக்கு நீரேற்றும் மின்னிறைப்பான்கள், மின்கம்பிகள் எரிந்ததனால் நின்றுபோயின; தொட்டிகள் வற்றின. மலையாற்றையே கொண்டுவந்த வட்டாரத்துக்கும், கடைசி அரை மைல் எட்டாமற் போயிற்று. அதன்பின் தொட்டிகளையும் குழாய்களையும் வலுப்படுத்தும் வேலையைத் தொடங்கினார்கள். அதற்கும் பணம் ஊராருடையதே.

வரிச்சீட்டைப் படித்த அன்று மாலை, "உங்கள் பகுதிக்குத் தண்ணீர்ச் சபை இயக்குநர் யார்?" என்று மகளைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் தலையைச் சொறிந்தார். சபைக்கு ஏழு தொகுதிகள், ஏழு இயக்குநர்கள், மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எதிர்த்து நிற்பவர் இல்லாததால் சில தொகுதிகளில் தேர்தலே நடவாமற் போவதும் உண்டு என்று பிறகு அறிந்தேன். மாதத்தில் இரு செவ்வாய்க்கிழமைகளில் சபை கூடுகிறது, யாரும் போகலாம். நாங்கள் இருவரும் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம்.

பார்வையாளர் நாற்காலிகளில் எண்ணிப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒரு முதியவர் எழுந்து, தம் தெருவில் குழாய் உடைந்து மூன்று நாளாகியும் சாலையை மூடவில்லை என்று தமக்கு அளித்த சில நிமிடங்களுக்குள் சொல்லி முடித்தார். இயக்குநர் ஒருவர் குறித்துக்கொண்டார். அடுத்த பொருள் கடன் பத்திரம் பற்றியது. தலைவர் அதன் தலைப்பைப் படித்துவிட்டு, பேச விரும்புவோர் உண்டா என்று மண்டபத்தைப் பார்த்தார். ஒருவரும் எழவில்லை. என் மகள் மட்டும் பைக்குள்ளிருந்து வரிச்சீட்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு, அந்தத் தொகை எந்த வரியில் வருகிறது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தாள்.